சேதராப்பட்டுக் கடல், திருவக்கரைக் காடு... தெரியுமா?

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? கடற்கரைச் சாலை, பாரதி பூங்கா, மணக்குள விநாயகர், மஞ்சள் சுவர் முன்னால் நாலு செல்ஃபி. சேதராப்பட்டை யாராவது பார்ப்பார்களா? மயிலம் ரோட்டில் ஒரு தொழிற்பேட்டை, ஷிஃப்ட் விட்டு வரும் கம்பெனி பஸ்கள், ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள், தூசு. கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோகிற ஊர். அங்கேயே குடியிருக்கும் நானும் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தேன்.

ஒரு பௌர்ணமியன்று வீட்டில் இரண்டு கட்சி. "திருவக்கரைக்கு ஜோதி பாக்கப் போவணும்" என்று 78 வயது அம்மா. எங்கள் தெருவுக்கே அவள் ஆயா. "கல்மரம் பாக்கணும், மிஸ் சொன்னாங்க" என்று மூன்றாவது படிக்கும் மகள். காளி கோயில் ஜோதி ஒரு பக்கம், கல்மரம் ஒரு பக்கம். நல்லவேளை, இரண்டும் ஒரே ஊரில். வண்டியை எடுத்தால் அரை மணி நேரம்தான். மத்தியானம் கிளம்பி, நள்ளிரவு தாண்டித் திரும்பினோம். அதற்குள் இத்தனை "தெரியுமா?"

1. சேதராப்பட்டு கடலுக்குள் இருந்தது, தெரியுமா?

இப்போதைய கடற்கரையைச் சொல்லவில்லை. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்! சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் சிப்பியும் சங்கும் கல்லாகி உறைந்திருக்கின்றன. டைனோசர்கள் தரையில் நடமாடிய காலத்தில், நாம் டீ குடிக்கும் இந்த இடத்துக்கு மேலே அலை அடித்திருக்கிறது.

அப்போது இமயமலை இல்லை. இந்தியா ஆசியாவோடு ஒட்டவும் இல்லை. பூமத்தியரேகைக்குத் தெற்கே ஒரு பெருந்தீவாக, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. டைனோசர்கள் அழிந்ததற்கு முந்தைய கடலின் படிவும் பிந்தைய கடலின் படிவும் இந்த வட்டாரத்தில் அடுத்தடுத்து வெளியே தெரிகின்றன. ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கிய கணக்குப் புத்தகம் தொழிற்பேட்டைக்கு அக்கம்பக்கத்தில் திறந்தே கிடக்கிறது!

2. அந்தக் கடல் உயிர்களுக்கு லண்டனில் வைத்த பெயர் என்ன, தெரியுமா?

இந்திரன். வருணன். சூரியன். பிரம்மா. விஷ்ணு!

விளையாட்டில்லை. 1840-களில் மதராஸில் இருந்த ஆங்கிலேயர்களான கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை ஆராய்ந்து 1846-இல் விவரித்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர். பெட்டியைத் திறந்தால் உள்ளே அம்மோனைட்டுகள்: பார்வைக்கு நத்தைபோல் சுருண்ட ஓடு, உறவுமுறையில் கணவாய்க்குச் சொந்தம். அதுவரை யாரும் பெயரிடாத இனங்கள் வரிசையாக வருகின்றன. மனிதர் என்ன செய்தார்? நம் புராணத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் சூட்டத் தொடங்கிவிட்டார்! 'இந்திரா', 'வருணா', 'சூர்யா', 'பிரம்மா', 'விஷ்ணு' என்று லத்தீன் மரபுப்படி சிறிய எழுத்தில் எழுதப்பட்ட அந்தப் பெயர்கள் இன்றும் அறிவியல் ஏடுகளில் அப்படியே இருக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை. வழுதாவூர்ப் பாறையிலிருந்து பெயர் பெற்ற 'வருணா' பிற்பாடு அண்டார்டிகாவில் கிடைத்தது! பனிக்கண்டத்தில் கிடந்த ஒரு ஓட்டுக்கு நம் மழைக்கடவுளின் பெயர். இன்னும் கேளுங்கள்: கண்டகி ஆற்றிலிருந்து வந்து பூஜை அறையில் அமர்ந்திருக்கும் சாளக்கிராமம் இருக்கிறதே, அதன் உள்ளே சுருண்டிருப்பதும் அம்மோனைட்தான். வடக்கே ஒன்றைக் கும்பிடுகிறோம். இங்கே அதன் பங்காளிகள் மேல் லாரி ஓட்டுகிறோம்.

3. பத்து நிமிடத்தில் எத்தனை அரசாங்கம், தெரியுமா?

வண்டி புறப்பட்டதும் மகளுக்கு ஒரு விளையாட்டு: பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் கத்த வேண்டும். "பாண்டி!" "தமிழ்நாடு!" பிரெஞ்சுக்காரர்கள் வெவ்வேறு காலங்களில் துண்டு துண்டாகப் பெற்ற கிராமங்கள்தான் இன்றைய புதுச்சேரி. அதனால் வரைபடம் கிழிந்த வாழையிலை மாதிரி இருக்கும். எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஊசுட்டேரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஏரி, ஒரு பாதி புதுச்சேரிக்கு, மறுபாதி தமிழ்நாட்டுக்கு. அங்கே வந்து இறங்கும் பறவைகளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் சொந்தம்.

பிரெஞ்சு போய்விட்டது என்கிறீர்களா? எங்கள் உள்ளாட்சியின் பெயரைப் பாருங்கள்: வில்லியனூர் 'கொம்யூன்' பஞ்சாயத்து! பிரெஞ்சும் தமிழும் ஒரே பலகையில் தோளோடு தோள் நிற்கின்றன. இந்தியாவோடு சேர்வதா என்று 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததும் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில்தான். சேர்வோம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

4. கோடாலி தேவையில்லாத காடு, தெரியுமா?

பெரும்பாக்கத்தில் திரும்பினால் திருவக்கரை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். சுற்றிலும் கல் குவாரிகள். நடுவே தேசியக் கல்மரப் பூங்கா: 247 ஏக்கர், 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டது. பார்வையாளருக்குத் திறந்திருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான்.

உள்ளே போனதும் மகள் ஏமாந்துபோனாள். "மரம் எங்கப்பா? எல்லாம் வெட்டிப் போட்டிருக்காங்க!" செம்மண்ணில் அங்கங்கே அடிமரங்கள் சாய்ந்து கிடந்தன. பட்டை உரிந்த மாதிரி, வரி ஓடிய மாதிரி, கிளை முறிந்த முடிச்சு மாதிரி எல்லாம் இருந்தது. அசல் மரக்கட்டை! போய்த் தட்டினாள். கை வலித்தது. "அய்யோ, கல்லு!"

அந்த "அய்யோ"வுக்காகவே இன்னொரு தடவை டிக்கெட் எடுக்கலாம்.

இங்கே கிடக்கும் மரங்களுக்குச் சுமார் 2 கோடி வயது. 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளம். சிலவற்றின் அகலம் 5 மீட்டர் வரை போகிறது. அதாவது எங்கள் வீட்டுக் கூடத்தை விடப் பெரிய அடிமரம்!

5. கிளையும் இலையும் எங்கே போயின, தெரியுமா?

கேட்டது மகள். நல்ல கேள்வி. இத்தனை அடிமரங்கள் இருக்கின்றன, நிமிர்ந்து நிற்பது ஒன்றுகூட இல்லை. கிளை இல்லை, இலை இல்லை. அதுதான் துப்பு! இந்த மரங்கள் இங்கே வளரவில்லை. எங்கோ வளர்ந்தவற்றைப் பெருவெள்ளம் பெயர்த்து, உருட்டி, கிளைகளை ஒடித்து இங்கே ஒதுக்கியிருக்கிறது என்பது அறிவியலாளர்களின் முடிவு. ஆற்றுவெள்ளம் வடிந்ததும் பாலத்தடியில் மாட்டிக் கிடக்கும் கட்டைகளைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். என்ன, இது 2 கோடி ஆண்டுக்கு முந்தைய வெள்ளம்.

மணல் சட்டென்று மூடியதால் காற்றுப் படவில்லை. காற்று இல்லாததால் மக்கவில்லை. சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் ஊறி ஊறி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து, மரம் இருந்த இடத்தில் கல்லை நிரப்பிவிட்டுப் போனது. வார்ப்புக்காரர் மெழுகு இருந்த இடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார் இல்லையா, அந்த வேலைதான். இங்கே ஆள் இல்லை, அவசரமும் இல்லை. அதனால்தான் வளையமும் முடிச்சும் அச்சுப் பிசகாமல் நிற்கின்றன. சிவப்பும் பழுப்பும் இரும்புச் சத்தின் கைவரிசை.

மரம் மிதக்கும், இது மூழ்கும். மரத்தைக் கத்தி அறுக்கும். இதன் மேல் கத்தியை இழுத்தால் கத்திதான் மழுங்கும்!

6. இந்த மரத்தின் உறவுக்காரர் உங்கள் வீட்டில் விளக்கு எரிக்கிறார், தெரியுமா?

திருவக்கரை மரங்கள் கிடப்பது கடலூர் மணற்கல் என்ற படிவத்தில். அதே படிவத்தோடு சேர்ந்து தெற்கே பூமிக்கடியில் இருப்பதுதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி! தொல்மரங்கள் இங்கே கல்லாயின, அங்கே கரியாயின. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் ஆழ்துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக வந்தது அந்தக் கரிதான். 1956-இல் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் தொடங்கியது. தமிழ்நாட்டில் பல வீடுகளின் மின்விசிறி அந்தப் பழைய காட்டின் தயவில் சுற்றுகிறது.

"அப்போ இந்த மரத்துக்கும் ஷாக் அடிக்குமா?" என்று கேட்டாள் மகள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, சிரிப்பு மட்டும்தான்.

7. கல்மரத்தைப் பார்த்து எழுதியவரின் பெயரில் ஒரு கோழி இருக்கிறது, தெரியுமா?

1781-இல் இந்தக் கல்மரங்களைப் பற்றிப் பதிவு செய்தவர் பியேர் சோன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். கண்ணில் பட்ட மரம், பறவை, மனிதர் எல்லாவற்றையும் படமாகவும் எழுத்தாகவும் அள்ளிக்கொண்டு போனவர். நம் மலைக்காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயர் 'காலஸ் சோன்னெராட்டி'! கடலோரச் சதுப்பில் வளரும் ஒரு மரப் பேரினத்துக்கும் 'சோன்னெராட்டியா' என்று அவர் பெயர்தான். ஆக, ஃபோர்ப்ஸ் நம் சாமிகளின் பெயரைக் கடல் ஓட்டுக்கு வைத்தார். நம் கோழிக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் போனது. கணக்கு நேர்!

8. ஆயாவின் வயது எத்தனை இமைப்பு, தெரியுமா?

வேப்பமர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். "ரெண்டு கோடின்னா எவ்ளோப்பா?" என்றாள் மகள். செல்போனில் கணக்குப் போட்டேன். 2 கோடி ஆண்டுகளை ஒரே ஒரு நாளாகச் சுருக்கிவிடுவோம். முந்தைய நள்ளிரவில் மரம் சாய்கிறது. காலை, மத்தியானம், சாயங்காலம்... மனிதர் எவரும் இல்லை. இரவு 11 மணி 38 நிமிடம் வாக்கில்தான் நம் இனம் தோன்றுகிறது. நாள் முடிய நாலரை நொடி இருக்கும்போது பக்கத்துக் கோயில் கருங்கல்லில் எழும்புகிறது. கடைசி ஒரு நொடியில் சோன்னெரா வந்து பார்க்கிறார். ஆயாவின் 78 வயது? கண் ஒருமுறை இமைக்கும் நேரம்!

சேதராப்பட்டுக் கடல் இந்தக் கணக்கில் மூன்றரை நாள் பழசு.

"அப்போ நானு?" என்றாள் மகள். "நீ இன்னும் இமைக்கவே ஆரம்பிக்கலடி" என்றாள் ஆயா, வறுவலை அவள் பக்கம் தள்ளியபடி.

9. திருடிய கல் மன்னிப்புக் கடிதத்தோடு திரும்பும், தெரியுமா?

வெளியே வரும்போது காவலாளி மகளின் கைக்குட்டையைப் பார்த்தார். "பாப்பா, அதுல இன்னா?" விரல் அளவு கல்லொன்று. அவர் திட்டவில்லை. "இங்க வர்றவங்க ஆளுக்கொண்ணு எடுத்தா நாளைக்கு நீ யாருக்குக் காட்டுவ?" என்றார். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

உலகம் முழுக்க இதே கதை. அமெரிக்காவின் அரிசோனாவில் 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கல்மரக் காடு உண்டு. அங்கிருந்து கல்லைச் சுருட்டிக்கொண்டு போனவர்களில் பலர், "எடுத்ததிலிருந்து ஒரே கஷ்டம், மன்னித்துவிடுங்கள்" என்று கடிதம் எழுதிக் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள்! வந்த கல்லை மறுபடி காட்டில் போட முடியாது. எந்த இடத்துக் கல் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தனியே ஒரு குவியலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மனசாட்சிக் குவியல்.

10. நேர்க்கோட்டில் நிற்காத கோயில், தெரியுமா?

சாயங்காலம் சந்திரமௌலீசுவரர் கோயில். ஆயா தேடி வந்த காளியும் இங்கேதான். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதுதானே வழக்கம்? இங்கே ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன! 'வக்கிரம்' என்றால் கோணல். ஊரே வக்கரை. மூலவரும் சாதாரண லிங்கம் இல்லை, மூன்று முகம் கொண்ட முகலிங்கம். சம்பந்தர் பாடிய தலம் இது. கண்டராதித்தரின் மனைவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, ராஜராஜன் ஆட்சியில் கி.பி. 1001-இல் இதைக் கருங்கல்லில் எடுப்பித்தார். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்குவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட அரசி அவர். தானே கல்லாகிப்போன காட்டுக்குப் பக்கத்தில் அவர் கை பட்ட கோயில்!

ஜாதகத்தில் கிரகம் 'வக்கிர கதி'யில் இருப்பவர்கள் இங்கே தேடி வருகிறார்கள். அந்த வக்கிரம் என்ன தெரியுமா? நம் வண்டி டிப்பர் லாரியை முந்தும்போது, லாரி பின்னால் போவதுபோல் ஒரு கணம் தோன்றுகிறதே, அதேதான். பூமி செவ்வாயை முந்தும்போது செவ்வாய் பின்னோக்கி நகர்வதாகத் தெரிகிறது.

கோயிலையொட்டி ஓடும் வராக நதிக்கு சங்கராபரணி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, இந்தக் கோயிலைத் தொட்டு, வில்லியனூர் வழியாகப் போய், ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்த அரிக்கமேட்டுப் பக்கம் கடலில் சேர்கிறது. கோட்டை, கோயில், துறைமுகம் மூன்றுக்கும் ஒரே ஆறு!

11. சோழி உருட்டிக் கிரகணம் சொன்ன ஊர், தெரியுமா?

நள்ளிரவு ஜோதிக்கு இன்னும் மூன்று மணி நேரம். கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. நிலா உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நேரம் போக ஒரு கதை சொன்னேன்.

வெள்ளிக்கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் லெ ஜான்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761-இல் அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடப்பு நாளில் அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலிலிருந்து என்னத்தை அளப்பது? அடுத்த கடப்பு 1769-இல். எட்டு வருடம் காத்திருந்தார். அந்தக் காலையில் புதுச்சேரி வானத்தை மேகம் மூடியது! 1771-இல் பிரான்ஸ் திரும்பினால், அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டி, உறவினர்கள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள்.

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. கிரகணம் கணிக்கும் தமிழ் முறையைப் புதுச்சேரியில் கற்றுக்கொண்டு போனார். அந்த முறையின் பெருமை 1825-இல் மறுபடி வெளிப்பட்டது. ஜான் வாரன் என்ற அதிகாரியின் முன்னால், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய்ச் சுமந்த வாக்கியங்களை வைத்தே சந்திரகிரகணத்தைக் கணித்தார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை! தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிசகியது. அவ்வளவுதான்.

"சிப்பிய வெச்சா நிலாவக் கணக்குப் போட்டாங்க?" என்று மகள் வாயைப் பிளந்தாள்.

12. அது யாருடைய எலும்பு, தெரியுமா?

மணி பன்னிரண்டு. மேலே கற்பூர ஜோதி எழுந்தது. ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேத்தியின் காதில் குனிந்து சொன்னாள்: "வக்கிராசுரன்னு ஒருத்தன். அவனைப் பெருமாள் சக்கரத்தால கொன்னாரு. அவன் தங்கச்சிய காளியாத்தா கொன்னா. பகல்ல பாத்தியே கல்லு, அது அந்த அசுரனோட எலும்புடி. எங்க ஆயா எனக்குக் காட்டினது."

"இல்ல ஆயா, மரம். மிஸ் சொன்னாங்க."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மரம்தான், சந்தேகமே இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இன்னொன்று நினைவுக்கு வந்தது. லண்டனில் மேஜை முன்னால் உட்கார்ந்து, சேதராப்பட்டுக் கடலின் ஓடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு பழசுக்கு என்ன பெயர் சொல்வது என்று யோசித்த ஃபோர்ப்ஸ். நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு என்றால் ராஜா பெயர் சொல்லலாம். அதற்கும் அப்பால் போனால்? அவர் கை நீண்டது புராணத்தை நோக்கி. திருவக்கரையில் முதன்முதலாக ஒரு கல்மரத்தைத் தடுக்கி விழுந்த யாரோ ஒருவரின் கையும் அங்கேதான் நீண்டிருக்க வேண்டும்.

மரம் என்பதைச் சொன்னேன். வருணன், இந்திரன் கதையையும் சொன்னேன். ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "அப்போ அந்த வெள்ளைக்காரனுக்கும் வேற பேரு கிடைக்கலியா?"

திரும்பும்போது மணி இரண்டு. ரோட்டில் லாரிகூட இல்லை. பௌர்ணமி வெளிச்சத்தில் ஜல்லிக் குவியல்கள் வெள்ளையாக நின்றன. தொழிற்பேட்டை விளக்குகள் தெரிந்ததும் வழக்கம்போல் என் விரல் கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது. பின்சீட்டில் ஆயா மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

"கண்ணாடிய ஏத்தாதப்பா. கடல் வந்துடுச்சு."